இசைத்தட்டுக்குக் கிடைக்கும் பாராட்டு எதைப் பாராட்டுகிறது?

2023 அக்டோபரில் ஐஸ்லாந்து பியானோ கலைஞர் விக்கிங்குர் ஒலாஃப்சன் வாசித்த பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், டாய்ச்சே கிராமஃபோன் லேபிளில் வெளிவந்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் கொண்டாடினார்கள். அந்த சீசன் முழுக்க அவர் ஊர் ஊராகப் போய் இந்த ஒன்றையேதான் வாசித்தார். 2025 பிப்ரவரியில் கிராமி விருதும் வந்து சேர்ந்தது. இதற்கெல்லாம் முன்பிருந்தே அவர் பெயரோடு ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. இதே படைப்பால் புகழ்பெற்ற கனடியப் பியானோ கலைஞரை நினைவூட்டி அமெரிக்க நாளிதழ் ஒன்று அவரை ‘ஐஸ்லாந்தின் க்ளென் கூல்ட்’ என்று எழுத, விளம்பரக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

ஆரியா என்ற ஒரு சிறு பகுதியும் அதை அடிப்படையாக வைத்து மாற்றி மாற்றி எழுதிய முப்பது வேரியேஷன்களும் கொண்ட இந்த இசை அச்சானது 1741இல். பியானோவில், ஹார்ப்சிகார்டில், கிடாரில், அக்கார்டியனில், மூன்று தந்திக் கருவிகளுக்கு மாற்றி எழுதி என்று எத்தனையோ பதிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. எல்லோரும் வாசிப்பது அதே ஸ்வரங்களைத்தான். இன்னொருவர் வந்து அதையே வாசித்துவிட்டுப் போக, ‘இது முக்கியமான பதிவு’ என்று ஒரு விமர்சகர் எதை வைத்துச் சொல்கிறார்? பாராட்டியது வாசிப்பையா, வாசித்தவரின் கதையையா, அட்டைப்படத்தையா?

நம் சபா விமர்சனங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் விநோதமாக இருக்கும். கச்சேரியில் ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் அன்றைக்குப் பிறப்பவை, ஆகவே விமர்சகர் எழுத நிறைய இருக்கும். மேற்கத்திய கிளாசிக்கலில் இசையமைப்பாளர் எழுதி வைத்த தாள் நகராது. வாசிப்பவர் கையில் மிச்சம் இருப்பவை வேகம், அழுத்தம், ஒரே சமயத்தில் ஓடும் மெட்டுகளில் எந்தக் குரலை மேலே கொண்டுவருவது, எங்கே மூச்சு விடுவது, திரும்ப வாசிக்கச் சொல்லும் குறியீட்டை மதிப்பதா விடுவதா போன்றவைதான். வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் சின்ன விஷயம். உள்ளே போனால் மொத்த விமர்சனமும் இதற்குள்தான் நடக்கிறது. அதனால் இங்கே புதுப் பதிவுக்குக் கிடைக்கும் எந்தப் பாராட்டும் பழைய பதிவுகளை அருகில் வைத்துப் பார்த்துச் சொல்வதாகவே இருக்கிறது.

அந்தப் பழக்கம் ஒரு கடைத்தேவையிலிருந்து வந்தது. 1923இல் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி லண்டனில் ‘கிராமஃபோன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அன்றைய தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிட இசைதான் அடங்கும். ஒரு சிம்பொனி வேண்டுமென்றால் கட்டுக் கட்டாகத் தட்டுகள் வாங்க வேண்டும், விலையும் அதிகம். எதை வாங்குவது, எதை விடுவது என்று யாராவது சொன்னால் நல்லது என்ற நிலைமை. 1957 முதல் பிபிசி வானொலியில் வரும் ‘பில்டிங் எ லைப்ரரி’ பகுதியும் இதே வேலையைத்தான் செய்கிறது: ஒரு படைப்பை எடுத்து, கிடைக்கிற பதிவுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிக் கேட்கவைத்து, கடைசியில் ஒன்றைக் கையில் கொடுப்பது. நூறாண்டுப் பழக்கம் இது. ஆகவே இந்தத் துறையில் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் போதாது, எதைவிட நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும்.

சில பதிவுகள் அளவுகோலாகவே நின்றுவிடுகின்றன. ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ 1919இல் முதன்முதலாக மேடையேறியபோது ஒத்திகை போதாமல் சொதப்பியது. அன்று லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர் ஜான் பார்பிரோலி. 1965 ஆகஸ்டில் அதே ஆர்கெஸ்ட்ராவை அவர் நடத்த, இருபது வயது ஜாக்குலின் டு ப்ரே லண்டன் கிங்ஸ்வே ஹாலில் வாசித்துப் பதிவு செய்தார். அன்றிலிருந்து எந்தச் செல்லோக்காரர் எல்கரைப் பதிவு செய்தாலும் விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே டு ப்ரே வந்துவிடுவார். அவரைவிட அடக்கம், அவரைவிட வேகம், அவர் நிழலிலிருந்து விலகிய வாசிப்பு என்று ஏதாவது ஒரு வகையில். புதிதாக வருபவருக்கு இது அநியாயம்தான். ஆனால் படிப்பவருக்கு அந்த ஒரு பெயர் பத்து உரிச்சொற்களைவிட அதிகம் சொல்லிவிடுகிறது.

கோல்ட்பெர்க்கில் அந்த இடம் க்ளென் கூல்டுக்கு. அதிலும் அவருக்கு அவரே போட்டி. 1955 ஜூனில் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில், 22 வயதில் முதல் பதிவு. 1981இல் அதே ஸ்டுடியோவில் இரண்டாவது. அது வெளிவந்த கொஞ்ச நாளிலேயே, 1982 அக்டோபர் 4 அன்று, ஐம்பது வயதில் அவர் இறந்துபோனார். முதல் பதிவு சுமார் 38 நிமிடம், இரண்டாவது சுமார் 51. இளமையின் துள்ளல், முதுமையின் நிதானம் என்று இதைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் கதை அவ்வளவு வசதியாக இல்லை. தொடக்கத்தில் வரும் ஆரியா 1955இல் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, 1981இல் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இதுவரை சரி. ஆனால் மொத்த நேரம் கூடியதற்கு வேகக் குறைவு மட்டும் காரணமில்லை. ஆரியாவும் முப்பது வேரியேஷன்களும் ஒவ்வொன்றும் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியையும் திரும்ப வாசிக்கும்படி பாக் குறித்திருக்கிறார். 1955இல் கூல்ட் எதையும் திரும்ப வாசிக்கவில்லை. 1981இல் சில வேரியேஷன்களின் முதல் பாதியை மட்டும் திரும்ப வாசித்தார். அப்புறம் அந்த 25ஆம் வேரியேஷன், மொத்தப் படைப்பின் துயரமெல்லாம் வந்து தேங்கும் இடம். நிதானம் கூடிவிட்ட முதிர்ந்த கூல்ட் அதை இன்னும் மெதுவாக வாசித்திருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றும். இல்லை, 1981இல்தான் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கிறார். நல்ல விமர்சகர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று யோசிப்பார். மற்றவர்கள் ‘அந்திமக் காலத்து ஞானம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டுமே பாராட்டுதான், ஆனால் முதலாவது காதால் கேட்டு வந்தது, இரண்டாவது வாழ்க்கைக் குறிப்பிலிருந்து வந்தது.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாய்ஸ் ஹேட்டோ விவகாரத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஹேட்டோ 1928இல் பிறந்த ஆங்கிலேயப் பியானோ கலைஞர். 1970களிலேயே மேடையை விட்டு விலகியவர், புற்றுநோயாளி. 2000த்துக்குப் பிறகு அவர் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் நடத்திய சிறு லேபிளிலிருந்து அவர் பெயரில் சிடிக்கள் வரத் தொடங்கின. பத்து இருபது இல்லை, நூறுக்கும் மேல். பீத்தோவனின் சொனாட்டாக்கள், சோப்பின், லிஸ்ட், ராக்மனினோவ், கைக்கு அடங்காத கோடோவ்ஸ்கி என்று பியானோ உலகத்தின் பாதியே அதில் இருந்தது. எழுபதைத் தாண்டிய, உலகம் மறந்த ஒரு பெண், நோயோடு போராடிக்கொண்டே ஒதுக்குப்புறமான ஸ்டுடியோவில் உட்கார்ந்து இத்தனையையும் வாசிக்கிறார். அதுவும் ஒவ்வொன்றும் முதல் தரம். இசைத்தட்டுப் பித்தர்கள் பேச ஆரம்பித்தார்கள், பத்திரிகைகள் தொடர்ந்தன. உயிரோடு இருக்கும் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவர், யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டார் என்ற அளவுக்குப் பாராட்டுப் போனது. 2006 ஜூனில் அவர் இறந்தபோது இரங்கல் குறிப்புகளும் அந்தத் தொனியில்தான் இருந்தன.

2007 பிப்ரவரியில் ஒரு ரசிகர் ஹேட்டோவின் லிஸ்ட் சிடியைக் கணினியில் போட்டார். ஐட்யூன்ஸ் அதை லாஸ்லோ சிமோன் என்ற ஹங்கேரியக் கலைஞரின் தட்டு என்று காட்டியது. சிடியை அடையாளம் காணும் அந்த மென்பொருளுக்கு இசை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு டிராக்கும் நொடிக்கணக்கில் எவ்வளவு நீளம் என்பதுதான். அந்த ரசிகர் ஒரு கிராமஃபோன் விமர்சகருக்குத் தகவல் சொன்னார். ஒலிப்பொறியாளர் ஆண்ட்ரூ ரோஸ் இரண்டு பதிவுகளின் ஒலி அலைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு டிராக்குகளில் பத்து அப்படியே சிமோனுடையவை. மிச்சத்தில் ஜப்பானியக் கலைஞர் மினோரு நோஜிமாவின் வாசிப்பு இருந்தது. அதே சமயத்தில், இதோடு சம்பந்தமே இல்லாமல், லண்டன் ராயல் ஹாலோவேயை மையமாகக் கொண்ட ஒரு ஆய்வுக்குழு சோப்பினின் மசூர்க்காக்களைக் கணினியில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஹேட்டோவின் மசூர்க்காக்களும் யூஜின் இன்ஜிக் என்பவருடையதும் ஒன்றே என்று அவர்களும் கண்டுபிடித்திருந்தார்கள். ஹேட்டோவின் பெயரில் வந்த சில பதிவுகளில், பிடிபடாமல் இருக்க வேகம் சற்றே மாற்றப்பட்டும் இருந்தது. ஹேட்டோவுக்காக ஆர்கெஸ்ட்ராவை நடத்தியதாகச் சொல்லப்பட்ட கண்டக்டர் ரெனே கோலர் என்பவர் பிறக்கவே இல்லை. சிமோனின் தட்டை வெளியிட்ட ஸ்வீடனின் பிஸ் நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி, பாரிங்டன்-கூப் ஒப்புக்கொண்டார். நோயின் வலியில் மனைவி முனகியது பதிவாகிவிட்டது, அந்த இடங்களை மறைக்க மற்றவர்களின் வாசிப்பை ஒட்ட ஆரம்பித்தேன், அது வளர்ந்துவிட்டது என்பது அவர் தரப்பு.

விமர்சகர்களின் காது அவ்வளவுதான் என்று அப்போது ஊரே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் முழு உடன்பாடு இல்லை. அவர்கள் கேட்ட வாசிப்பு உண்மையிலேயே உயர்ந்தது. சிமோனும் நோஜிமாவும் ஹேட்டோ பெயரில் வந்த ராக்மனினோவை உண்மையில் வாசித்த யெஃபிம் ப்ரான்ஃப்மனும் சாதாரண ஆட்கள் இல்லை. ‘இது அருமையான பியானோ வாசிப்பு’ என்ற தீர்ப்பில் தப்பே கிடையாது. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதே லிஸ்ட் தட்டு சிமோன் பெயரில் கடையில் இருந்தபோது இந்த ஆரவாரம் ஏன் எழவில்லை? ராக்மனினோவ் மூன்றாவது கான்செர்ட்டோ இன்னும் சங்கடமானது. ப்ரான்ஃப்மன் பெயரில் 1990களின் தொடக்கத்தில் வந்தபோது அதில் பதைப்பும் வேகமும் போதவில்லை என்று குறைப்பட்ட அதே விமர்சகர், ஹேட்டோ பெயரில் அதே ஒலி வந்தபோது மலைத்துப்போய் எழுதினார். நடுவில் பல ஆண்டுகள் ஓடிவிட்டன, மனிதன் மாறலாம் என்று வாதாடலாம். ஆனால் மாறியது என்ன என்று பார்த்தால், அட்டையில் இருந்த பெயரும் அதன் பின்னாலிருந்த கதையும்தான். கதை பாராட்டை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த நல்லதைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டியது. ஒரு பெண் எழுபது வயதில் இதை வாசிக்கிறார் என்று தெரிந்து கேட்கும்போது சாதாரணமாக நகர்ந்துபோகும் ஒரு சொற்றொடர்கூட அர்த்தம் கொள்கிறது.

இது மோசடிக்கு மட்டும் பொருந்துவதில்லை. ‘ஐஸ்லாந்தின் கூல்ட்’ என்ற பட்டம் செய்வதும் ஓரளவுக்கு இதைத்தான்.

சரி, பத்திரிகைகளைத் திறந்தால் ஏன் பெரும்பாலும் பாராட்டாகவே இருக்கிறது? இதற்குச் சதிக்கோட்பாடு தேவையில்லை. மாதத்துக்கு வரும் தட்டுகளுக்கு அளவில்லை, பக்கங்களுக்கு அளவுண்டு. யாரும் கேள்விப்படாத ஒருவரின் சுமாரான தட்டைக் குத்திக் கிழிக்க அரைப்பக்கம் செலவழிப்பதைவிட அந்த இடத்தில் நல்லது ஒன்றைச் சொல்லலாம் என்றே ஆசிரியர்கள் நினைப்பார்கள். ஆகவே அச்சில் வருவதே ஒரு வடிகட்டலுக்குப் பிறகுதான். அதோடு அதே பத்திரிகையில் விளம்பரம் தருவதும் அந்த லேபிள்கள்தான். விமர்சகர் விலைபோகிறார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரு சிறிய உலகத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தாக வேண்டும். பிரான்ஸின் டியாபசோன் தோர், ஜெர்மனியின் விமர்சகர் விருது, 1977 முதல் கிராமஃபோன் விருதுகள் என்று அட்டையில் ஒட்ட ஸ்டிக்கருக்குப் பஞ்சமில்லை. இத்தனை முத்திரை குத்தினால் முத்திரையின் மதிப்பு குறையத்தான் செய்யும்.

இந்த ஒப்பீட்டு இயந்திரம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: ஒப்பிடவே போதிய பதிவு இல்லாத இசை. அமெரிக்கக் கறுப்பினப் பெண் இசையமைப்பாளர் ஃப்ளாரன்ஸ் ப்ரைஸின் முதல் சிம்பொனியை 1933இல் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. 1953இல் அவர் இறந்தபின் பெயர் மங்கிவிட்டது. 2009இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த, ஒருகாலத்தில் அவர் கோடைக்குத் தங்கிய வீட்டிலிருந்து கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. யானிக் நெஸே-செகான் நடத்தி ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா பதிவு செய்த ஒன்றாம், மூன்றாம் சிம்பொனிகளுக்கு 2022இல் கிராமி கிடைத்தது. அதற்கு முன் இருந்த பதிவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். விமர்சனங்களைப் படித்தால் ஒன்று புரியும். கண்டக்டரைப் பற்றி இரண்டு வரி, இசையைப் பற்றியும் அவர் மறக்கப்பட்ட அநீதியைப் பற்றியும் இருபது வரி. அது நியாயமானதே. ஆனால் அந்த ஆர்கெஸ்ட்ரா மூன்றாம் சிம்பொனியின் மெதுவான பகுதியை எப்படி வாசித்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர், இன்னும் நாலு பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

விமர்சகரின் கை எட்டாத உச்சமும் உண்டு. போலந்தின் ஹென்றிக் கோரெட்ஸ்கி 1976இல் எழுதிய மூன்றாம் சிம்பொனி மறு ஆண்டு பிரான்ஸின் ராயான் விழாவில் அரங்கேறியபோது நவீன இசை விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு வந்த பதிவுகளும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1992இல் நான்சச் லேபிளில் டான் அப்ஷா பாடி, டேவிட் ஸின்மன் நடத்திய பதிவு வந்தது. பிரிட்டனில் புதிதாகத் தொடங்கிய கிளாசிக் எஃப்எம் வானொலி அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. சமகால இசையில் அதற்கு முன் யாரும் கனவிலும் நினைக்காத எண்ணிக்கை. அதைத் தூக்கிவிட்டது விமர்சனம் இல்லை, கார் ஓட்டிக்கொண்டே வானொலி கேட்டவர்கள்.

அப்படியானால் ஒரு பாராட்டைப் படிக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது? நான் பார்ப்பது, சரிபார்க்க முடிகிற ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று. சீனக் கலைஞர் லாங் லாங் 2020இல் வெளியிட்ட கோல்ட்பெர்க்கை எடுத்துக்கொள்வோம். ஸ்டுடியோப் பதிவு ஒன்று, பாக் வேலை பார்த்த லைப்சிக் தாமஸ் தேவாலயத்தில் நேரடிப் பதிவு ஒன்று என இரண்டும் சேர்ந்தே வந்தன. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அவர் பெயரைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குகிற கூட்டம் ஒன்று, இதோ முதிர்ந்துவிட்டார் என்கிற கூட்டம் இன்னொன்று. இரண்டிலும் பாதி அவரைப் பற்றிய முன்முடிவு. ஆனால் ஸ்டுடியோப் பதிவு தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டுகிறது, 25ஆம் வேரியேஷன் மட்டும் பத்து நிமிட அளவுக்குப் போகிறது என்று ஒருவர் எழுதினால் அது வாசிப்பைப் பற்றிய தகவல். கூல்ட் ஆறு நிமிடச் சொச்சத்தில் முடித்த இடம் அது. பாக் போட்ட மறுமுறைக் குறிகளை எல்லாம் மதித்தும் ஒலாஃப்சன் மொத்தத்தையும் 75 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார். நீளம் என்பது தரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எங்கே கவனித்துக் கேட்க வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

பதிவு என்பது கச்சேரி இல்லை என்பதை மறக்காத விமர்சகரையும் நம்பலாம். கூல்ட் 1955இல் அந்த ஆரியாவை இருபது தடவைக்கு மேல் வாசித்துப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 1958 முதல் 1965 வரை வியன்னாவில் ஜார்ஜ் ஷொல்ட்டி நடத்தி டெக்கா நிறுவனம் பதிவு செய்த வாக்னரின் ‘ரிங்’ ஓபெராக்கள் இன்றும் பேசப்படுவதற்கு, பாடகர்களுக்கு இணையாகத் தயாரிப்பாளர் ஜான் கல்ஷாவும் காரணம். மேடையில் நடக்கவே முடியாத ஒலிகளை மைக் வைத்தும் இடம் மாற்றியும் அவர் உண்டாக்கினார். பாராட்டில் பங்கு கேட்க வேண்டிய ஒலிப்பொறியாளர்களுக்கு இன்றும் பெரும்பாலும் கடைசி வரிதான் கிடைக்கிறது. கூல்ட் வாசிக்கும்போது முனகுவது தட்டில் கேட்கும், அது தனிக்கதை. அதையும் சேர்த்துப் பாராட்டியவர்கள் உண்டு.

இப்போது நிலைமை இன்னொரு விதமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் ஆப்பிள் கிளாசிக்கலுக்கென்றே தனிச் செயலி வெளியிட்டது, வேறு சேவைகளும் இருக்கின்றன. ஒரே படைப்பின் பதிவுகளை அதில் வரிசையாகக் காட்டும். பிபிசி தயாரிப்பாளர் தட்டுகளை அடுக்கிவைத்துச் செய்த வேலையைப் பேருந்தில் உட்கார்ந்தபடி யாரும் செய்யலாம். ‘வாங்கலாமா’ என்ற பழைய கேள்வி போய்விட்டது. அதோடு, லேபிள்கள் ஆல்பத்துக்கு முன்பே ஒன்றிரண்டு டிராக்குகளைத் தனியாக விட்டுவிடுகின்றன. விமர்சனம் அச்சில் வரும்போது பலர் அதைக் கேட்டு, பிடித்ததா இல்லையா என்று முடிவுகட்டியிருப்பார்கள். இதன் விளைவு சில விமர்சகர்களிடம் தெரிகிறது. சிபாரிசு செய்வதைக் குறைத்துக்கொண்டு, இந்த வேரியேஷனில் இடது கையைக் கவனியுங்கள், அந்த இடத்தில் இரண்டாவது தடவை என்ன மாறுகிறது பாருங்கள் என்று எழுதுகிறார்கள். மற்ற சிலர் இன்னும் உரத்த உரிச்சொற்களைத் தேடிப் போகிறார்கள்.